உறவுமுறையின் பெயரில் ஒரு சந்தை

விலக்கப்பட்ட குடும்ப உறவு, அமெரிக்கப் பாலுறவுக் காணொளித் தொழிலில் விலைபோகும் முத்திரையாக மாறிய வரலாறும், அந்த முத்திரை மறைத்து வைப்பவையும்

வயது வந்தோருக்கெனத் தயாரிக்கப்படும் பாலுறவுக் காணொளிகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக மிகப் பரவலாகப் புழங்கிவரும் கதைக்கருக்களுள் ஒன்று, குடும்பத்துக்குள் விலக்கப்பட்ட உறவு ஆகும். பிரிட்டனில் மூன்று பெரிய ஆபாசத் தளங்களின் முகப்புப் பக்கங்களில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் ஆறு மாத காலம் இடம்பெற்ற 1,31,738 காணொளித் தலைப்புகளை ஃபியோனா வேரா-கிரே, கிளேர் மக்கிளின் ஆகியோரைக் கொண்ட ஆய்வுக்குழு திரட்டி ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2021இல் வெளியிட்டது. எட்டுத் தலைப்புகளில் ஒன்று பாலியல் வன்முறையை விவரிப்பதாக இருந்தது என்பதும், அவ்வாறு வகைப்படுத்தப்பட்டவற்றுள் குடும்ப உறுப்பினர்களிடையிலான பாலுறவைச் சொல்லும் தலைப்புகளே எண்ணிக்கையில் முதலிடம் பெற்றன என்பதும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியவை. தேடிச் சென்று கண்டெடுக்கப்பட்ட காணொளிகள் அல்ல இவை. புதிதாக நுழையும் எவருக்கும் தளம் தானாகவே முன்வைத்தவை.

இப்பொருளைப் பற்றிப் பேசுமுன் சில எல்லைகளை வரையறுத்துக்கொள்வது நல்லது. இரத்த உறவாலோ குடும்ப உறவாலோ மணம் செய்துகொள்ளத் தகாதவர்களிடையே நிகழும் பாலுறவைத் தமிழில் தகாப்புணர்ச்சி என்பர். இங்கு ஆராயப்படும் காணொளிகளில் அது நிகழ்வதில்லை. ஒருவருக்கொருவர் எவ்வித உறவும் இல்லாத, வயது வந்த நடிகர்கள், உறவினர்போல் நடிக்கிறார்கள். போலி என்னும் பொருள்பட இதை அத்தொழிலில் 'ஃபோசெஸ்ட்' என்று குறிப்பதுண்டு. குழந்தைகள் இடம்பெறும் காட்சிகள் இந்த வகையில் சேரா. அவை எந்தப் பெயரில் வந்தாலும் குற்றத்தின் பதிவுகளே. அத்தகைய பதிவைத் தரவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததோடு, அவற்றை ஆபாசப் படம் என்று அழைக்காமல் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றே குறிப்பிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

விலக்கின் வேர்

நெருங்கிய உறவினரிடையே பாலுறவை விலக்கும் கட்டுப்பாடு ஏறத்தாழ எல்லா மனிதச் சமூகங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் காணப்படுகிறது. ஃபின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இல் வெளியிட்ட மனிதத் திருமண வரலாற்று நூலில், சிறு வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்களிடையே பாலீர்ப்புக்கு மாறான ஒரு விலகல் உணர்வு இயல்பாகவே உருவாகிறது என்று கூறினார். 1913இல் சிக்மண்ட் ஃபிராய்டு இதற்கு நேரெதிர் நிலையை எடுத்து, இயல்பாகவே விருப்பம் இல்லாத ஒன்றை இத்தனை கடுமையாகத் தடுக்க வேண்டிய தேவை எந்தச் சமூகத்துக்கும் இருந்திராது என்றும், தடை இருப்பதே ஆசை இருப்பதற்குச் சான்று என்றும் வாதிட்டார். கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் இந்தக் கேள்வியையே வேறு திசைக்குத் திருப்பினார். தன் வீட்டுப் பெண்ணை மணக்கக் கூடாது என்னும் விதி, அவளை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்னும் விதியாகச் செயல்பட்டுக் குலங்களை இணைத்து, சமூகம் என்ற ஒன்றையே சாத்தியமாக்கியது என்பது அவருடைய முடிவு.

பின்னர் வந்த கள ஆய்வுகள் பெருமளவுக்கு வெஸ்டர்மார்க்கின் பக்கம் சாய்ந்தன. இஸ்ரேலின் கிபுட்ஸ் எனப்படும் கூட்டுப்பண்ணைகளில் குழந்தைகள் பெற்றோரோடு இல்லாமல் ஒத்த வயதுக் குழுக்களாக வளர்க்கப்பட்டனர்; அவர்களுடைய திருமணங்களில் 2,769ஐ ஜோசப் ஷெஃபர் ஆராய்ந்து 1971இல் எழுதியபோது, தடை ஏதும் இல்லாதிருந்தும் ஒரே குழுவில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் மணந்துகொள்வது மிக அரிது என்பது தெரியவந்தது. தைவானில் மருமகளாக்கும் நோக்கத்துடன் சிறுமியைத் தத்தெடுத்து, மகனோடு சேர்த்து வளர்க்கும் வழக்கத்தை ஆர்தர் வுல்ஃப் ஆராய்ந்தார். அவ்வாறு அமைந்த மணங்களில் குழந்தைப்பேறு குறைந்தும் மணமுறிவு மிகுந்தும் இருந்தன. இந்த இரு சான்றுகளிலும் சம்பந்தப்பட்டவர்களிடையே இரத்த உறவு இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

எந்த உறவு விலக்குக்கு உள்ளாகிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. தமிழர் உறவுமுறையில் மாமன் மகளும் அத்தை மகனும் மணமுறை உடையவர்கள். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் உடன்பிறந்தோருக்குச் சமமானவர்கள். உயிரியல் கணக்கில் இவர்கள் அனைவரும் ஒரே தொலைவில் இருப்பவர்களே. தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தடுக்கப்பட்ட உறவுகளின் பட்டியலில் வைத்திருந்தாலும், வழக்காறு அனுமதிக்கும் இடங்களுக்கு அதே சட்டம் விலக்களிக்கிறது. கோடு எங்கே விழுகிறது என்பதை இரத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் யாரை வளர்க்கிறார், யாருக்கு யார் பொறுப்பு, யார் எவரோடு ஒரே வீட்டில் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

திரைப்படத்திலிருந்து தேடுசொல் வரை

அமெரிக்காவில் இக்கதைக்கருவுக்குச் சந்தை உண்டு என்பதைத் தெளிவாகக் காட்டிய படம், கிர்டி ஸ்டீவன்ஸ் இயக்கத்தில் கே பார்க்கர் நடித்து 1980இல் வெளிவந்த 'டாபூ' ஆகும். கணவன் பிரிந்து சென்ற ஒரு தாயை மையமாகக் கொண்ட அப்படம், வீடியோ கேசட் வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் மிகுந்த விற்பனை கண்டு, நீண்டதொரு தொடர்வரிசைக்கு வழிவகுத்தது. அதன் கலைத்தகுதி எதுவாயினும், நடந்ததற்குப் பின்விளைவு உண்டு என்பதைக் கதை மறக்கவில்லை. தனிமை, குற்றவுணர்வு, குழப்பம் ஆகியவற்றுக்கு அதில் ஓர் இடம் இருந்தது.

அதே காலத்தில் சட்டமும் தயாரிப்பாளர்களின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் மில்லர் வழக்கில் வகுத்த அளவுகோலின்படி, ஒரு படைப்பு அந்தந்த வட்டாரத்து மக்களின் மதிப்பீட்டில் காம இச்சையைத் தூண்டுவதாகவும், அருவருக்கத்தக்க வகையில் பாலுறவைக் காட்டுவதாகவும், குறிப்பிடத்தக்க இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு அற்றதாகவும் இருந்தால் அதற்குக் கருத்துரிமையின் பாதுகாப்பு கிட்டாது. வட்டாரத்து மதிப்பீடு என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், கலிஃபோர்னியாவில் தயாராகும் படத்துக்குத் தென் மாநிலம் ஒன்றின் நடுவர் குழு தண்டனை வழங்கலாம் என்ற அச்சம் நிலவியது. 2001 தொடக்கத்தில் புதிய அரசு பொறுப்பேற்று வழக்குகள் பெருகும் என்று எதிர்பார்க்கப்பட்ட நிலையில், தொழிலின் முன்னணி வழக்குரைஞரான பால் கேம்ப்ரியா தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். கேம்ப்ரியா பட்டியல் என்று பெயர்பெற்ற அதில் குடும்பத் தகாப்புணர்ச்சி சார்ந்த கதைக்கருவும் இடம்பெற்றிருந்தது.

அந்தத் தடையைச் சுற்றிச் செல்லும் வழியாகவே 'ஸ்டெப்' என்ற முன்னொட்டு செழித்தது. தந்தையின் இரண்டாம் மனைவி, தாயின் புதிய கணவன், அவர்களுடைய முந்தைய மணத்துப் பிள்ளைகள் என இரத்தத் தொடர்பு இல்லாத குடும்ப உறவுகளை அது குறிக்கிறது. அமெரிக்காவில் மறுமணக் குடும்பங்கள் பெருகியிருந்ததும் இதற்கு உதவியது. வயது வந்தோரில் 42 விழுக்காட்டினருக்கு இத்தகைய உறவினர் ஒருவரேனும் உண்டு என்று பியூ ஆய்வு மையம் 2011இல் தெரிவித்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் யூபோர்ன், போர்ன்ஹப் போன்ற இலவசத் தளங்கள் தோன்றியபின், குறுந்தகடு வாங்கும் வாடிக்கையாளரின் இடத்தைத் தேடுபொறியில் சொல்லை உள்ளிடும் பார்வையாளர் பிடித்தார். நட்சத்திரத்தின் பெயரையும் படத்தின் பெயரையும் விடத் தலைப்பில் உள்ள சொற்களுக்கே மதிப்பு மிகுந்தது. 2010களின் நடுப்பகுதியில் போர்ன்ஹப் வெளியிட்ட ஆண்டறிக்கைகளில், அமெரிக்கர் மிகுதியாகத் தேடிய சொற்களின் வரிசையில் 'ஸ்டெப்' உறவுகள் முன்னிலையில் நின்றன.

ஒரு கதைக்கரு இத்தனை விரைவாகப் பெருகியதற்குப் பார்வையாளரின் ஆசையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. இலவசத் தளங்களால் வருவாய் சரிந்த தயாரிப்பாளருக்கு, ஒரு வாடகை வீடு, இரண்டு நடிகர், அன்றாட உடை ஆகியவற்றோடு முடிந்துவிடும் கதை மிகவும் வசதியானது. வீட்டு வரவேற்பறைதான் களம் என்பதால் அரங்கம் அமைக்க வேண்டியதில்லை; எந்தக் காட்சிக்கும் உறவின் பெயரை ஒட்டிவிடலாம் என்பதால் புதிதாக எழுத வேண்டியதும் இல்லை. ஒரு சொல் அதிகம் சொடுக்கப்பட்டால் தளத்தின் கணிநிரல் அதை மேலும் பலருக்கு முன்வைக்கிறது. முன்வைக்கப்படுவதால் அது மேலும் சொடுக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து அதே சொல்லில் மேலும் காணொளிகள் தயாராகின்றன. விருப்பம் உற்பத்தியைத் தீர்மானித்ததா, உற்பத்தி விருப்பத்தை வளர்த்ததா என்று பிரித்தறிய முடியாத சுழற்சி இது.

உறவு இல்லாத உறவுப்படம்

இவ்வகைக் காணொளி ஒன்றின் கட்டமைப்பைப் பார்த்தால் அதன் தன்மை விளங்கும். நடித்தோர் அனைவரும் பதினெட்டு வயது நிறைந்தவர்கள், அதற்கான ஆவணம் இன்ன முகவரியில் உள்ளது என்ற அறிவிப்பு தொடக்கத்திலேயே வரும். 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நடித்தோர் உண்மையில் உறவினர் அல்லர் என்ற வாசகத்தையும் பலர் சேர்த்துக்கொள்கின்றனர். அதன்பின் ஒரு சமையலறையோ சலவை அறையோ சோபாவோ தோன்றுகிறது. வீட்டில் மற்றவர்கள் இல்லை என்பது ஒரு வரியில் சொல்லப்படுகிறது. இருவரும் இன்ன முறை என்பது அடுத்த வரியில் சொல்லப்படுகிறது. உண்மையான குடும்பத்தில் எவரும் அவ்வாறு உறவை அறிவித்துக்கொண்டு பேசுவதில்லை. தேடுசொல்லைப் பார்வையாளருக்கு உறுதிப்படுத்தவே அந்த வசனம் எழுதப்படுகிறது.

முறைப்பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தாலும், அந்த முறைக்கு உரிய வாழ்க்கை எதுவும் காட்சியில் இல்லை. இவர்கள் எந்த ஆண்டு ஒரே கூரையின் கீழ் வந்தார்கள், பெற்ற தாய் எங்கே இருக்கிறார், வீட்டுச் செலவை யார் பார்க்கிறார், மறுக்கும் உரிமை இவர்களுள் யாருக்கு உண்டு, மறுநாள் காலையில் உணவு மேசையில் இவர்கள் எப்படி எதிரெதிரே அமர்வார்கள் என்னும் எந்தக் கேள்வியும் எழுவதில்லை. தயக்கம் என்ற ஒன்று வரும். ஆனால் அது கடப்பதற்காகவே வைக்கப்பட்ட தயக்கம். முதலில் மறுப்பு, பிறகு வற்புறுத்தலோ மிரட்டலோ ஏமாற்றோ, முடிவில் இசைவு என்னும் வரிசை திரும்பத் திரும்ப வருவதால், மறுப்பு என்பதே இசைவின் முதற்படி என்ற பொருள் அதில் ஊறிவிடுகிறது.

ஜாக் மோரின் என்ற உளவியலாளர் 1995இல் எழுதிய நூலொன்றில், ஈர்ப்போடு தடை சேரும்போது கிளர்ச்சி மிகுகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். அண்டை வீடு, அலுவலகம், பள்ளி என்று முன்பு கிளர்ச்சிக்குப் பயன்பட்ட தடைகள் பழகித் தேய்ந்துபோன நிலையில், எல்லோருக்கும் தெரிந்த கடைசித் தடையாகக் குடும்பமே எஞ்சியது என்று இந்த விளக்கத்தை நீட்டிப் பார்க்கலாம். இதைப் பார்ப்பவர்கள் தம் வீட்டாரை விரும்புகிறார்கள் என்று முடிவுகட்டுவது தவறாகும். கற்பனையில் கிளர்ச்சி தருவதும் வாழ்க்கையில் ஒருவர் நாடுவதும் ஒன்றல்ல. இருப்பினும், சமூகவியலாளர் ஜான் கேக்னனும் வில்லியம் சைமனும் 1973இல் வகுத்த பாலியல் பிரதிக் கோட்பாட்டை இங்கு நினைவுகொள்ள வேண்டும். எவரோடு, எச்சூழலில், என்ன வரிசையில் பாலுறவு நிகழும் என்பதை மனிதர் தம் பண்பாடு தரும் முன்வரைவுகளிலிருந்தே கற்கிறார்கள் என்பது அதன் சாரம். அனுபவம் உள்ளவர் அம்முன்வரைவைப் பொய்யென்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதன்முதலாக ஆபாசக் காணொளியைப் பார்க்கும் சராசரி வயது 13. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் அறியாத வயதில் கிடைக்கும் முன்வரைவு இது.

எல்லையை வகுத்தவர்கள்

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று இத்துறையில் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் சட்டமன்றங்களில் இருந்தவர்கள் அல்லர். பணம் கைமாறும் வழியைத் தம் கையில் வைத்திருந்தவர்கள். 2012 பிப்ரவரியில் பேபால் நிறுவனம், சுயவெளியீட்டு மின்னூல் தளமான ஸ்மாஷ்வேர்ட்ஸிடம் தகாப்புணர்ச்சி, வன்புணர்ச்சி சார்ந்த காமக்கதைகளை நீக்குமாறு கோரியது. 'ஸ்டெப்' உறவைச் சொல்லும் கதைகள் அதில் அடங்குமா என்பதே பெரும் விவாதமாயிற்று. எழுத்துரிமை அமைப்புகள் எதிர்த்தபின், அடுத்த மாதமே பேபால் தன் கோரிக்கையைத் தளர்த்தியது. 2020 டிசம்பரில், போர்ன்ஹப் தளத்தில் சம்மதமற்ற காணொளிகளும் சிறுவர் இடம்பெற்ற காணொளிகளும் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் கட்டுரை வெளிப்படுத்திய சில நாள்களில், விசாவும் மாஸ்டர்கார்டும் தம் சேவையை நிறுத்தின. அதுவரை எந்தச் சட்டமும் சாதிக்காத வகையில், சரிபார்க்கப்படாத பல இலட்சம் காணொளிகளைத் தளம் உடனடியாக நீக்கியது.

இந்த ஏற்பாட்டின் விந்தையான விளைவு வயது வந்தோருக்கான கணினி விளையாட்டுகளில் வெளிப்பட்டது. ஆதரவாளர்களிடமிருந்து பணம் திரட்டித் தரும் பேட்ரியான் தளம், 2017ஐ ஒட்டித் தன் விதிகளை இறுக்கித் தகாப்புணர்ச்சிச் சித்திரிப்பைத் தடைசெய்தபோது, விளையாட்டை உருவாக்கியோர் பலர் தாய் என்றிருந்ததை வீட்டுக்கார அம்மாள் என்றும், தங்கை என்றிருந்ததை உடன் தங்கியிருப்பவள் என்றும் மாற்றினார்கள். அதே வீடு, அதே முகங்கள், அதே காட்சிகள். பழைய முறைப்பெயர்களைத் திரும்பப் பொருத்தும் சிறு கோப்பு ஒன்று வேறோரிடத்தில் தனியாகக் கிடைத்தது. கடையை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும் இந்த வித்தை, சித்திரிக்கப்படுவது உறவு அன்று, உறவின் பெயர் மட்டுமே என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்டதற்குச் சமம். 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் விதிகளைக் காரணம் காட்டி, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் இத்தகைய விளையாட்டுகள் பலவற்றை நீக்கியபோதும், இட்ச் தளம் வயது வந்தோருக்கான விளையாட்டுகளைத் தேடலிலிருந்து மறைத்தபோதும், கடுமையான உள்ளடக்கத்தோடு சேர்த்து மற்றவர்களின் படைப்புகளும் பாதிக்கப்பட்டன. காரணம் கேட்டு மேல்முறையீடு செய்ய நீதிமன்றம் இல்லாத தணிக்கைக்கு இது எடுத்துக்காட்டு.

முன்னொட்டு மறைப்பது

இரத்த உறவு இல்லை, ஆகவே தீங்கும் இல்லை என்பதே 'ஸ்டெப்' என்ற முன்னொட்டின் வாதம். இந்த வாதத்தைத்தான் குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய ஆய்வுகள் முற்றிலும் மறுக்கின்றன. டயானா ரஸ்ஸல் 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 930 பெண்களை நேர்காணல் செய்து நடத்திய ஆய்வில், மாற்றுத் தந்தையை, அதாவது தாயின் புதிய கணவரை, முதன்மைத் தந்தையாகக் கொண்டு வளர்ந்த பெண்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அவரால் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருந்தார். பெற்ற தந்தையோடு வளர்ந்தவர்களில் அந்த விகிதம் 2 விழுக்காட்டு அளவில் இருந்தது. பெரும்பாலான மாற்றுத் தந்தையர் அன்போடு பிள்ளைகளை வளர்ப்பவர்கள் என்பதை இந்த எண்கள் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையோடு சிறு வயதிலிருந்து வளர்ந்த நெருக்கம் இல்லாமல், தந்தைக்குரிய அதிகாரம் மட்டும் கிடைக்கும் இடம் எத்தகைய ஆபத்து நிறைந்தது என்பதை அவை சொல்கின்றன. சந்தை தீங்கற்றது என்று காட்டி விற்கும் உறவே, வாழ்க்கையில் மிகுந்த பாதுகாப்பு தேவைப்படும் உறவாக இருக்கிறது.

பல நாடுகளின் சட்டங்கள் இதை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. டெக்ஸஸ் மாநிலத்தின் தண்டனைச் சட்டம் மாற்றுப் பெற்றோரையும் மாற்றுப் பிள்ளைகளையும் தகாப்புணர்ச்சித் தடைக்குள் கொண்டுவருகிறது. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம், குடும்பத்துக்குள் குழந்தைகள் மீது இழைக்கப்படும் குற்றங்களில் மாற்றுப் பெற்றோரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பிரான்சில் 2021 ஜனவரியில் கமீல் குஷ்னேர் வெளியிட்ட நினைவுநூல், தம் இரட்டைச் சகோதரர் சிறுவனாக இருந்தபோது மாற்றுத் தந்தையால் துன்புறுத்தப்பட்டதை வெளிப்படுத்தி நாட்டையே உலுக்கியது. அடுத்த சில மாதங்களில், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரோடு குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் பாலுறவு கொண்டால் சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை என்று பிரெஞ்சுச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோரின் துணைவர் பிள்ளை மீது அதிகாரம் உடையவராயின் அவரும் அதில் அடங்குவார். அரசு அமைத்த தனி ஆணையம், பிரான்சில் ஆண்டுக்கு 1,60,000 குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாகின்றனர் என்று மதிப்பிட்டது.

இந்தச் சட்டங்கள் அனைத்தும் கணக்கில் எடுப்பது மரபணுவை அன்று, வீட்டுக்குள் ஒருவருக்கு மற்றவர் மீது உள்ள பிடியை. சோறு, படிப்பு, உறைவிடம், தாயின் நிம்மதி ஆகிய அனைத்தும் எவருடைய தயவில் இருக்கின்றனவோ, அவரிடம் மறுப்புச் சொல்வது ஒரு பிள்ளைக்கு எளிதன்று. காணொளிகள் விட்டுவிடும் பகுதி சரியாக இதுதான்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இதன் வரலாறு வேறு வழியில் சென்றது. 2008இல் இணையத்தில் தோன்றிய 'சவிதா பாபி' என்ற படக்கதை, நடுத்தர வர்க்கத்துக் குடும்பப் பெண்ணை மையமாக்கியதால் பெரும் பரபரப்பை உண்டாக்கி, 2009இல் அரசின் தடைக்கு உள்ளாயிற்று. வட இந்தியக் குடும்பங்களில் அண்ணன் மனைவிக்கும் கொழுந்தனுக்கும் இடையே கேலியும் சீண்டலும் அனுமதிக்கப்பட்ட உறவு நிலவுகிறது. மானுடவியலாளர் இதைக் கேலி உறவு என்பர். ஹரியானா, பஞ்சாப் பகுதிகளில் கைம்பெண்ணைக் கணவனின் தம்பிக்கு மணம்செய்விக்கும் வழக்கமும் இருந்தது. அந்த அடித்தளத்தில் எழுந்த கற்பனை, அண்ணியைத் தாயின் இடத்தில் வைக்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் பொருந்துவதன்று. இங்கே கேலிக்குரியவர்கள் கொழுந்தியாளும் மாமன் மக்களுமே. ஆனாலும் தேடுபொறி இவ்வேறுபாட்டை அறியாததால், வட்டார முறைகள் எல்லாம் ஒரே தேடுசொல் பட்டியலில் கலந்துவிட்டன.

தமிழ்த் திரையில் இப்பொருளைத் தொட்டவர்கள் கடும் எதிர்ப்பைச் சந்தித்துள்ளனர். மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே தகாத உறவைக் கதையாக்கிய சாமியின் 'சிந்து சமவெளி' 2010இல் வெளிவந்தபோது எழுந்த கண்டனம் இதற்குச் சான்று. அதே சமூகம் கைப்பேசியில் இதனினும் பன்மடங்கு கடுமையானவற்றைத் தனிமையில் பார்க்கிறது. பொதுவெளியில் பேச மறுக்கப்படும் பொருள் தனிமையில் கேள்விக்கு உட்படாமல் நுகரப்படுகிறது. 2024 மார்ச்சில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 18 ஓடிடி தளங்களை முடக்கியபோது, குடும்பத் தகாப்புணர்ச்சி சார்ந்த உள்ளடக்கத்தையும் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. இணையத்தில் வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளை வெளியிடுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு ஏற்கெனவே குற்றமாக்கியுள்ளது. 2015இலும் 2018இலும் நூற்றுக்கணக்கான ஆபாசத் தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றுள் சில வேறு முகவரிகளில் மீண்டும் முளைத்தன.

இதைவிட முக்கியமான கேள்வி வீட்டுக்குள் இருக்கிறது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட குழந்தைகளில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், இரத்தம், தத்து, திருமணம், பாதுகாவல் ஆகிய எவ்வழியிலும் உறவினராக உள்ளவரையும், குழந்தையின் பெற்றோரோடு சேர்ந்து வாழ்பவரையும், ஒரே வீட்டில் வசிப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்கள் இழைக்கும் வன்புணர்வைக் கடுங்குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்த தண்டனை 20 ஆண்டுச் சிறை. அறிந்தவர் புகார் செய்தாக வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் குடும்ப மானம், ஒற்றை வருவாய், தாயின் அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்து புகாரை வாசற்படிக்குள்ளேயே நிறுத்திவிடுகின்றன. சென்னையின் 'துளிர்' போன்ற அமைப்புகள் குழந்தைகளுக்குத் தன்னுடல் பாதுகாப்புக் கல்வியைக் கற்பிக்கையில், தவறாகத் தொடுபவர் அந்நியராகத்தான் இருப்பார் என்ற எண்ணத்தைக் களைய முனைவதன் காரணம் இதுவே.

தடைக்கு அப்பால்

தடுப்பது ஒன்றே தீர்வு என்ற கருத்து பிரிட்டனில் வலுப்பெற்று வருகிறது. கடையில் விற்கும் பாலுறவுக் குறுந்தகட்டில் தகாப்புணர்ச்சியில் நாட்டத்தைத் தூண்டும் உள்ளடக்கம் இருந்தால் அந்நாட்டுத் தணிக்கை வாரியம் சான்று மறுத்துவந்தது. இணையத்துக்கு அவ்விதி இருக்கவில்லை. கடையில் விற்க முடியாததை இணையத்திலும் அனுமதிக்கலாகாது என்று மேலவை உறுப்பினர் பெர்ட்டின் அம்மையார் தலைமையிலான ஆய்வு 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு இதே கதைக்கரு நெடுங்காலமாகத் தனி வகையாகவே விற்கப்பட்டாலும், 2022ஆம் ஆண்டுச் சட்டம் கதையைத் தொடாமல் நடிப்பவரைக் காக்க முனைந்து, ஒப்பந்தத்துக்கும் படப்பிடிப்புக்கும் இடையே ஒரு மாதமும், படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே நான்கு மாதமும் கடக்க வேண்டும் என்றும், வெளியான பின்னும் ஓராண்டு வரை ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றும் வகுத்தது. முதல் வழி பார்ப்பவரைக் கருதுகிறது, இரண்டாம் வழி நடிப்பவரைக் கருதுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

எனினும், பெயர்களைத் தடைசெய்யும் எந்த விதியும் புதுப்பெயர்களையே பிறப்பிக்கும் என்பதை இத்தொழிலின் நாற்பதாண்டு வரலாறு காட்டுகிறது. தாய் என்பதற்கு மாற்றாந்தாய் வந்தாள். மாற்றாந்தாய்க்கு வீட்டுக்கார அம்மாள் வந்தாள். மாறாமல் இருப்பது வற்புறுத்தலை இசைவாகக் காட்டும் அமைப்பு ஒன்றே. ஒழுங்குமுறை அமைப்புகள் உறவின் பெயரைக் கடந்து அந்த அமைப்பைக் கேள்வி கேட்கத் தொடங்கினால் அதற்குப் பயன் இருக்கும். சிறுவர் கண்ணில் அது முகப்பிலேயே படாதவாறு செய்வதும், கணிநிரல் எதை முன்தள்ளுகிறது என்பதற்குத் தளங்களைப் பொறுப்பாக்குவதும் அரசால் செய்யக்கூடியவை. வீட்டால் செய்யக்கூடியது இவற்றைவிட எளிதும் கடினமும் ஆனது. மாமா, சித்தப்பா, அண்ணன், அப்பா என்று எந்த முறைப்பெயர் உடையவரிடமும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், சொன்னால் நம்புவோம் என்றும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எவருடைய அனுமதியும் இன்றி அழைக்கலாம் என்றும் பெற்றோர் வாய்திறந்து சொல்ல வேண்டும். முறைப்பெயருக்குப் பின்னால் உள்ள பொறுப்பைக் குடும்பம் பேசாமல் விட்டால், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதைச் சந்தையே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்.